மாரிக்கால சிறுவர் விடுதி: சளி வைரஸ் பக்கத்துக் கட்டிலுக்குப் போகாமல் மறிக்கிறது எப்படி?

கனகராயன் (சிறுவர் விடுதித் தாதி)

மாரி தொடங்கினால் வன்னிப் பக்கத்துப் பிள்ளைகள் விடுதி எப்படி இருக்கும் எண்டு இஞ்ச இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசிக் கடைசியில இருந்து தை மட்டும் இளைப்பும் சளியுமா வாற கைக்குழந்தையள் ஒரு பக்கம். டெங்கு, வயித்தோட்டம், வலிப்பு எண்டு வந்ததுகள் மற்றப் பக்கம். எல்லாம் ஒரே மண்டபத்தில.

இப்படி ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கோ: 24 கட்டில், தனியறை ஒண்டு, மொனிற்றர் ஒண்டு, காற்றில இருந்து ஒட்சிசனைப் பிரிச்சுத் தாற கொன்சன்ரேற்றர் இரண்டு, மிச்சம் ஒட்சிசன் சிலிண்டர். ஒவ்வொரு பிள்ளையோடயும் தாய் நிற்பா. மூக்குச் சாம்பிள் கொழும்புக்குப் போய் முடிவு வாறதுக்குள்ள பிள்ளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியாச்சு. வயித்தோட்டத்துக்கு வந்த பிள்ளை நாலாம் அஞ்சாம் நாள் மூக்கு வடிஞ்சு மூச்சு இழுக்கத் தொடங்கும்.

பரிசோதனை முடிவு இல்லாமல் ஆரை ஆரோட போடுறது? எதைத் துடைக்கிறது, எதால துடைக்கிறது? ஒட்சிசன் தட்டுப்படுகிற நேரம் ஆருக்கு எவ்வளவு? புத்தகத்தில இருக்கிற "தனியறையில் வைக்கவும்" வேண்டாம். செய்யக்கூடியதைச் சொல்லுங்கோ.

இரணைமடுக் காற்று (சிறுவர் மருத்துவம்)

முடிவு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பிரிக்கவே மாட்டீங்கள். சேர்க்கும்போது வைரஸின் பெயர் தேவையில்லை. பிள்ளைக்கு இரண்டு வயதுக்கு மேலா கீழா, மூக்கு வடிகிறதா, உடம்பில் சிவப்புப் பொட்டுகள் உண்டா என்று பார்த்தாலே போதும்.

காய்ச்சலோடு சிவப்புப் பொட்டும் கண் சிவப்பும் இருமலும் இருந்தால் அந்த ஒற்றைத் தனியறை அந்தப் பிள்ளைக்குத்தான். அது சின்னமுத்தாக (தட்டம்மை) இருக்கலாம். சின்னமுத்து காற்றில் பரவும், பிள்ளை போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அந்தக் காற்றில் நிற்கும். பொட்டு வர நாலு நாளுக்கு முன்னிருந்து வந்து நாலு நாள் வரை தொற்றும். எங்கள் தடுப்பூசி அட்டவணையில் சின்னமுத்துக்கான எம்எம்ஆர் ஊசியை 9ஆம் மாதத்தில்தான் போடுகிறோம். அதனால் அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகள் முழுப்பேரும் திறந்த வெளியில் நிற்கிற மாதிரித்தான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி 72 மணித்தியாலத்துக்குள், தடுப்பூசி போட முடியாத சின்னக் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் (நேரடியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) 6 நாளுக்குள். கொப்பளிப்பானும் இந்த அறைக்குத்தான்.

மற்றதை மூன்று மூலையாகப் பிரியுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே, மூக்கு வடிந்து, இளைப்பும் நெஞ்சு உள்ளிழுப்பும் உள்ளவர்கள் ஒரு மூலை. இதில் பெரும்பாலும் கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் இருக்கும், ரைனோ, மெற்றாநியூமோ, பராஇன்புளுவென்சா வைரஸ்களும் கலந்திருக்கும். வயது கூடிய, காய்ச்சலும் இருமலும் உடம்பு நோவும் உள்ளவர்கள் இன்னொரு மூலை. இன்புளுவென்சாவும் கொவிட்டும் அங்கே. சளியே இல்லாதவர்கள் மூன்றாவது. பிறவி இருதய நோய், குறைமாதம், நெப்ரோற்றிக் எனும் சிறுநீரக நோய்க்கு ஸ்ரெரொய்ட் எடுக்கிற பிள்ளை, புற்றுநோய் மருந்து எடுக்கிற பிள்ளை, இந்த நாலு பேரையும் முதல் மூலைக்கு அண்டவே விடாதீர்கள். இடமில்லையென்றால் பெரியவர்களின் விடுதியில் ஒரு பக்க அறை கேட்டு வாங்குவது மேல்.

முதல் மூலை தாதியர் மேசைக்கு நேரே இருக்க வேண்டும். தொற்றுள்ளவர்களைக் கண்காணாத கடைசி மூலைக்குத் தள்ளுவது வழக்கம். ஆனால் மூச்சை நிறுத்துகிற குழந்தையும் அந்த மூலையில்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த வயது, குறைமாதத்தில் பிறந்தது என்றால் மூச்சு நின்று நின்று வருவதே ஆர்எஸ்வியின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மொனிற்றர் ஒன்றுதான் என்றால் அதை அங்கே போடுங்கள்.

நந்திக்கடல் (பிரதேச வைத்தியசாலை)

ஒரு எதிர்க்கேள்வி. அறிகுறியை வைச்சு ஒரே மூலையில போட்டால் ஆர்எஸ்வி பிள்ளைக்கு மெற்றாநியூமோவையும், மெற்றாநியூமோ பிள்ளைக்கு ஆர்எஸ்வியையும் நாங்களே பரிசாக் குடுக்கிறம் இல்லையோ? சில நிமிடத்தில முடிவு காட்டுற ரப்பிட் கிற் இருக்கிற இடத்தில அதைப் பாவிச்சால் என்ன?

இரணைமடுக் காற்று

கேள்வி சரி. கிற் இருந்தால் பாவியுங்கள். கோடு விழுந்தால் நம்பலாம், விழாவிட்டால் இல்லை என்று எடுக்கக் கூடாது. ஆர்எஸ்விக்கு இந்தக் கிற் பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தவறவிடும், இன்புளுவென்சாவுக்கு அதைவிட மோசம். ஆகவே கோடு விழாத பிள்ளையைச் "சளி இல்லாத" மூலைக்கு மாற்ற வேண்டாம்.

மூலைக்குள்ளேயும் கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீற்றர் இடைவெளி, பிள்ளைக்குப் பிள்ளை கை சுத்தம். மூலை என்பது இரண்டாவது வேலி. முதல் வேலி கை.

தண்ணிமுறிப்பு (தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி)

கை எண்டு சொன்னதால இதை எழுதுறன். அமெரிக்காவில ரொச்செஸ்ரரில கரோலின் ஹோல் எண்ட வைத்தியர் 1981இல வெளியிட்ட ஆய்வு ஒண்டு இருக்கு. ஆர்எஸ்வி பிள்ளையளிட்ட மூன்று விதமா ஆக்களைப் போக விட்டினம். பிள்ளையைத் தூக்கி வைச்சுப் பராமரிச்ச 7 பேரில 5 பேருக்குத் தொற்றினது. பிள்ளையைத் தொடாமல், பிள்ளை இல்லாத நேரம் கட்டிலையும் சாமானையும் மட்டும் தொட்டுப்போட்டு மூக்கையும் கண்ணையும் தொட்ட 10 பேரில 4 பேருக்குத் தொற்றினது. ஆறடிக்கு அங்கால சும்மா இருந்த 14 பேரில ஒருத்தருக்கும் இல்லை.

அந்த நடு இலக்கத்தைத்தான் பாருங்கோ. பிள்ளையைத் தொடவே இல்லை, கட்டிலைத்தான் தொட்டது. ஆர்எஸ்வி வழுவழுப்பான மேசை, கட்டில் கம்பியில மணித்தியாலக் கணக்கில உயிரோட நிற்கும், கையில அரை மணித்தியாலம் மட்டில். விடுதியில நிலத்தை நாளுக்கு மூன்று தரம் துடைப்பினம், கட்டில் கம்பியை ஆரும் துடைக்க மாட்டினம். நிலத்தை நக்கிறது ஒருத்தரும் இல்லையே.

எதைத் துடைக்கிறது: கட்டில் கம்பி, சேலைன் ஸ்ராண்டில கை படுகிற உயரம், ஒட்சிசன் அளவு பார்க்கிற ஒக்சிமீற்றரின்ர வயரும் கிளிப்பும், நிறை பார்க்கிற தட்டு, ஸ்ரெதஸ்கோப், மொனிற்றர் பொத்தான். அதோட கைபேசி. பிள்ளை அழுதால் தாய் கைபேசியைக் குடுப்பா, பிள்ளை வாயில வைக்கும், அதே கைபேசி பக்கத்துக் கட்டில் தாயின்ர கைக்குப் போகும். 70 வீத அற்ககோல் தோய்ச்ச பஞ்சு அதுக்குக் காணும். இரண்டு வேளை, ஒவ்வொரு பிள்ளை போன பிறகும் ஒருக்கா.

அற்ககோல் எல்லாத்துக்கும் சரிவராது. ஆர்எஸ்வி, இன்புளுவென்சா, கொவிட் இதுகளுக்குக் கொழுப்பு உறை இருக்கு, அற்ககோல் அதை உடைக்கும். அடினோவுக்கும் ரைனோவுக்கும் உறை இல்லை. அடினோ காய்ஞ்ச இடத்தில கிழமைக் கணக்கில இருக்கும். கண் சிவப்பு, தொண்டையில வெள்ளை, அஞ்சு நாளுக்கு மேல விடாத காய்ச்சல் எண்டு ஒரு பிள்ளை இருந்தால் அந்தக் கட்டிலுக்குக் குளோரின்தான், கைக்குச் சவர்க்காரமும் தண்ணியும்தான்.

கனகராயன்

குளோரினை எவ்வளவு கரைக்கிறது எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்கு. கிணத்துக்குப் போடுற ரிசிஎல் தூள்தான் கிடைக்குது.

பாலைப்பழம் (மருந்தாளர்)

மேற்பரப்புக்கு 0.1 வீதம் போதும், அதாவது 1000 பிபிஎம். இரத்தம், வாந்தி சிந்தின இடத்துக்கு 0.5 வீதம்.

ரிசிஎல் தூள் புதுசாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மட்டில் குளோரின் இருக்கும். ஒரு லீற்றர் தண்ணிக்கு 3 கிராம், 10 லீற்றர் வாளிக்கு 30 கிராம். தராசில் நிறுத்து எடுங்கோ. கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 0.5 வீதத்துக்கு லீற்றருக்கு 15 கிராம். 5 வீதத் திரவம் வருமெண்டால், 0.1 வீதத்துக்கு, ஒரு லீற்றர் கரைசலுக்கு 20 மில்லிலீற்றர் திரவம், மிச்சம் தண்ணி.

பிழைக்கிற இடங்கள். மூடி திறந்த ரிசிஎல் வாளி மாரி ஈரத்தில் கட்டிபட்டுவிடும். கட்டிபட்ட தூளில் குளோரின் பாதியும் இராது, மணம் மட்டும் இருக்கும். கரைத்து அரை மணித்தியாலம் அடைய விட்டு மேல் தெளிவை எடுக்க வேண்டும், அடிச் சுண்ணாம்போடு துடைத்தால் கம்பியில் வெள்ளை படியும். காலையில் கரைத்தது அன்று பின்னேரத்தோடு சரி, அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது. சளி, பால் காய்ந்த இடத்தை முதலில் சவர்க்காரத் தண்ணியால் கழுவாமல் குளோரின் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்று முடிக்கும். போட்ட பிறகு 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். உலோகம் என்றால் பிறகு வெறுந்தண்ணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் கட்டில் துருப்பிடிக்கும். மலசலகூடம் கழுவுகிற அசிட்டோடு ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இளைக்கிற பிள்ளைகள் இருக்கிற விடுதியில் அதைவிடக் கெடுதல் இல்லை.

கைக்கு அற்ககோல் முடிந்துவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வைத்தியசாலை மருந்தகத்திலேயே செய்யலாம். 10 லீற்றருக்கு 96 வீத எதனோல் 8333 மில்லிலீற்றர், 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு 417, கிளிசரோல் 145, மிச்சம் கொதித்தாறிய தண்ணி. போத்தலில் அடைத்து 72 மணித்தியாலம் வைத்துத்தான் விநியோகிக்க வேண்டும், போத்தலில் இருக்கிற கிருமி வித்துகள் சாக அந்த நேரம் தேவை. கையில் 20 முதல் 30 விநாடி தேய்த்துக் காய விடுங்கள். ஈரக் கையோடு ஒட்சிசன் குழாயைப் பிடிக்க வேண்டாம், அற்ககோல் எரிபொருள்.

தண்ணிமுறிப்பு

மருந்தகத்தோட சேர்த்து இன்னொண்டு. மூக்குக்கு விட, மருந்து கரைக்க எண்டு 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தலில ஒரு ஊசியைக் குத்தி விட்டு நாள் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கிற பழக்கம். அந்தப் போத்தல் எல்லாரின்ர மூக்கையும் ஒரே குழாயில இணைச்சு வைச்ச மாதிரி. சின்ன அம்பியூல் வாங்கித் தாங்கோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டி ஒரு பிள்ளைக்கு ஒரு சிறிஞ்ச் நிறைச்சு, பேர் எழுதி, அண்டைக்கே எறியுங்கோ.

மருந்தைப் புகையாக்கி மூச்சில குடுக்கிற நெபுலைசரின்ர மாஸ்க்கும் அப்படித்தான். ஒரு மாஸ்க்கைக் குழாயில கழுவி அடுத்த பிள்ளைக்குப் போடுறது சுத்தம் இல்லை.

நந்திக்கடல்

நெபுலைசர் எண்டதும் ஞாபகம் வந்தது. சனம் "புகை பிடிச்சால்தான் சுகம்" எண்டு நிற்குது. பிடிக்காட்டி வைத்தியம் பார்க்கேல்லை எண்டு கதை. 5 மாதப் பிள்ளை, முதல் தரம் இளைக்குது, மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் குடுக்கிறதா இல்லையா?

இரணைமடுக் காற்று

இல்லை. ஒரு வயதுக்குக் கீழே, முதல் தடவை, தடிமனோடு தொடங்கிய இளைப்பு என்றால் அது சிறு மூச்சுக்குழல் அழற்சி. குழாய் சுருங்கியதால் வரும் இளைப்பு அல்ல இது. உள்சுவர் வீங்கி, செத்த கலமும் சளியும் அடைத்ததால் வருவது. சல்பியூட்டமோல் தசையைத் தளர்த்தும், இங்கே தளர்த்தத் தசைச் சுருக்கம் பெரிதாக இல்லை. நெஞ்சு அடிப்பைக் கூட்டி, சில நேரம் ஒட்சிசன் அளவையும் குறைக்கும். ஸ்ரெரொய்ட் இல்லை, தொய்வுக்கு (ஆஸ்துமா) கொடுக்கும் மொன்ரிலுகாஸ்ற் இல்லை, வழக்கமாக எக்ஸ்ரேயும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் சளி அடைத்துச் சுருங்கிய மேல் மடலை நியூமோனியா என்று வாசித்து அன்ரிபயோற்றிக் தொடங்குவதுதான் நடக்கும்.

இரண்டு வயதுக்கு மேல், திரும்பத் திரும்ப வருகிற முட்டு, குடும்பத்தில் தொய்வு என்றால் கதை வேறு. அங்கேயும் நெபுலைசரை விட, இன்ஹேலரோடு பொருத்தும் கூடான ஸ்பேசர் நல்லது. சல்பியூட்டமோல் இன்ஹேலரில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம், ஒவ்வொன்றாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மூச்சு. ஸ்பேசர் இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் தண்ணிப் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குச் சூடேற்றிய கம்பியால் துளை போட்டு, இன்ஹேலரை இறுகச் செருகி, மறுவாயில் பிள்ளை மூச்சு எடுக்கலாம். தென்னாபிரிக்காவில் 1990களில் இதைச் சோதித்து, வாங்கிய ஸ்பேசருக்குக் குறையாமல் வேலை செய்வதைக் காட்டினார்கள். புதுப் போத்தலைச் சவர்க்காரத் தண்ணியில் அமிழ்த்தி, துடைக்காமல், கழுவாமல் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் மின்னேற்றம் வந்து மருந்து சுவரில் ஒட்டிவிடும். பிள்ளையோடு போத்தலும் வீட்டுக்குப் போகும், தொற்றும் அதோடு போகும்.

நாய் குரைக்கிற மாதிரி இருமல், உள்ளே இழுக்கும்போது சத்தம் என்றால் அது குரூப், குரல்வளை வீக்கம். டெக்சாமெதசோன் 0.15 முதல் 0.6 மில்லிகிராம் கிலோவுக்கு, ஒரே தரம். கடுமை என்றால் நெபுலைசரில் 1:1000 அட்ரினலின், கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றர், கூடினது 5. இரண்டு மணித்தியாலத்தில் அதன் வேகம் போய்விடும் என்பதால் அதுவரையாவது பக்கத்தில் நில்லுங்கள். பிள்ளையைத் தாயின் மடியிலேயே விடுங்கள், தொண்டைக்குள் பார்க்க நாக்கை அமுக்க வேண்டாம். அழ வைத்தால் அடைப்பு இறுகும்.

கனகராயன்

அப்ப முதல் மூலைப் பிள்ளையளுக்கு நாங்கள் உண்மையில செய்யிறது என்ன? மூக்கு, பால், ஒட்சிசன் அவ்வளவுதானோ?

இரணைமடுக் காற்று

அவ்வளவுதான். அந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்வது அன்ரிபயோற்றிக் எழுதுவதை விடக் கஷ்டம்.

மூக்கு: பால் குடிக்க முன்னும் நித்திரைக்கு முன்னும் இரண்டு மூன்று துளி சேலைன், மூக்கு வாசலில் மட்டும் உறிஞ்சல். குழாயைத் தொண்டை வரை விட்டு இழுத்தால் வீக்கம் கூடி வைத்தியசாலையில் நிற்கும் நாள்தான் நீளும். இயந்திரம் பாவித்தால் 80 முதல் 100 மில்லிமீற்றர் பாதரச அமுக்கம், 10 விநாடிக்கு மேல் வேண்டாம்.

பால்: மூச்சு நிமிடத்துக்கு 60க்குக் கீழே, முலையைப் பிடிக்கிறது என்றால் தாய்ப்பால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. வழமையில் பாதி, முக்கால்வாசிக்குக் கீழே இறங்கினால் இரைப்பைக் குழாய். 6 கிலோப் பிள்ளை ஒன்றைப் பார்ப்போம். நாளுக்கு 600 மில்லிலீற்றர் கறந்த பால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 50. 50 போட்டதும் மூச்சு ஏறினால் மணித்தியாலத்துக்கு 25. குழாயின் பருமன் 6 அல்லது 8 பிரெஞ்ச். மூக்கிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடு என்று அளந்து போட்டு, உறிஞ்சிய திரவத்தின் பிஎச் 5.5 அல்லது கீழே என்று பார்த்த பிறகுதான் பால். மிகச் சின்னக் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு எடுக்கும், ஏற்கனவே சளி அடைத்த மூக்கில் குழாயையும் போட்டால் ஒரு பக்கம் முழுதாக அடைபடும். அவர்களுக்கு வாய் வழி.

நரம்பு வழி சேலைன் கடைசித் தெரிவு. நுரையீரல் நோயில் உடம்பு தண்ணியைப் பிடித்து வைக்கும், சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். ஆகவே வழமையில் மூன்றில் இரண்டு பங்கு, 0.9 வீத சேலைனோடு 5 வீத டெக்ஸ்ரோஸ். அதே 6 கிலோவுக்கு நாளுக்கு 400, மணித்தியாலத்துக்கு 17 மில்லிலீற்றர். மில்லிலீற்றருக்கு 60 துளி விழும் செற் என்றால் நிமிடத்துக்கு 17 துளி. சோடியம் தினமும்.

முறிகண்டி (உயிர் மருத்துவப் பொறியியல்)

ஒட்சிசன் பக்கத்தை நான் எழுதுறன்.

முதல்ல ஒக்சிமீற்றர். பெரியாக்களின்ர விரல் கிளிப்பைக் குழந்தையின்ர பெருவிரலில கொழுவினால் வெளிச்சம் பக்கத்தால ஒழுகி எண் பொய் சொல்லும். குழந்தைக்குச் சுத்திக் கட்டுற பட்டி, பாதத்தின்ர வெளிப்பக்கம், மேல ஒரு துணி. மாரியில கால் குளிர்ந்து கிடந்தால் முதல்ல கையில வைச்சுச் சூடாக்குங்கோ. திரையில காட்டுற நாடியும் நீங்கள் எண்ணுற நாடியும் ஒண்டாக இருந்தால் மட்டும் ஒட்சிசன் எண்ணை எழுதுங்கோ. விரலில மருதாணி இருந்தால் வேற இடம். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இடம் மாத்துங்கோ, தோல் புண்படும்.

சிலிண்டர் கணக்கு: உருளையின்ர தண்ணிக் கொள்ளளவு பெருக்கல் அமுக்கம். 10 லீற்றர் சிலிண்டரில 120 பார் இருக்கு, 20 பாரை ஒதுக்குங்கோ, மிச்சம் 1000 லீற்றர். நிமிடத்துக்கு 2 லீற்றர் எண்டால் 500 நிமிடம், எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல. முல்லைத்தீவில இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறதெண்டால் ஓட்டம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல, அதுக்கு இரட்டிப்பாக் கணக்குப் பாருங்கோ. பரந்தன் பக்கம் வெள்ளம் றோட்டை மறிக்கிற நாளும் வரும்.

கொன்சன்ரேற்றர் 5 லீற்றர் மெசின் எண்டால் ஸ்பிளிற்றர் போட்டு 1 லீற்றர் வீதம் அஞ்சு பிள்ளைக்குக் குடுக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின்ர குழாய் மடிஞ்சால் மற்ற நாலு பேரின்ர அளவும் மாறும், ஆளுக்கொரு புளோமீற்றர் இருக்க வேணும். பின்பக்கத்துத் தூசு வடி கிழமைக்கு ஒருக்காக் கழுவிக் காய்ஞ்ச பிறகு போடுங்கோ. சுவரோட ஒட்டி வைச்சால் சூடாகி, ஒட்சிசன் வீதம் 82க்குக் கீழ இறங்கி, சிவப்பு லைற் எரியும். சிவப்பு லைற்றை ரேப் ஒட்டி மறைக்கிற வேலையை நிப்பாட்டுங்கோ. மின்சாரம் போய் வந்ததும் சரியான வீதம் வரச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை சிலிண்டர் பக்கத்தில.

குமிழித் தண்ணிப் போத்தல்: மூக்குக் குழாயில 2 லீற்றருக்குக் கீழ எண்டால் தேவையே இல்லை. வைக்கிறதெண்டால் காய்ச்சி வடிச்ச தண்ணி, ஒவ்வொரு நாளும் மாத்த வேணும். எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு, துளை அடைக்கும். அதுக்கு மேல சூடோமோனாஸ் கிருமி வளரும்.

நந்திக்கடல்

எந்த எண்ணில தொடங்குறது? சூடாக்கின ஈரக் காற்றையும் ஒட்சிசனையும் வேகமா மூக்குக்குள்ள ஊதுற ஹைபுளோ மெசின் இருந்தால் எல்லாருக்கும் அதிலயே போடலாமோ?

இரணைமடுக் காற்று

6 கிழமைக்கு மேற்பட்ட, வேறு நோயில்லாத பிள்ளைக்கு 90 வீதத்துக்குக் கீழே நிலையாக நின்றால் ஒட்சிசன். 6 கிழமைக்குக் கீழே, குறைமாதம், இருதய நோய் என்றால் 92. பால் குடிக்கும்போது ஒரு கணம் 88 காட்டி ஏறுவதற்காகத் தொடங்க வேண்டாம், தொடங்கினால் நிற்பாட்டுவது கஷ்டம். மூக்குக் குழாயில் கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு 2 லீற்றர்தான் எல்லை.

ஹைபுளோவைப் பற்றி: 2018இல் வந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் 1472 குழந்தைகள். சாதாரண ஒட்சிசனில் 23 வீதமானோருக்கும், ஹைபுளோவில் 12 வீதமானோருக்கும் சிகிச்சையைக் கூட்ட வேண்டி வந்தது. ஆனால் சாதாரண ஒட்சிசனில் முடியாமல் போனவர்களில் 61 வீதம் பிறகு ஹைபுளோ போட்டதும் சரியானார்கள். தீவிர சிகிச்சைக்குப் போனவர்களின் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே முதலே போட வேண்டியதில்லை, முடியாதபோது போட்டால் போதும்.

முறிகண்டி

ஒட்சிசன் கணக்கும் அதைத்தான் சொல்லுது. 6 கிலோப் பிள்ளை, கிலோவுக்கு 2 லீற்றர், ஓட்டம் 12. ஒட்சிசன் 40 வீதம் எண்டால் அதில தூய ஒட்சிசன் நிமிடத்துக்கு 2.9 லீற்றர், மிச்சம் காற்று. 60 வீதம் எண்டால் 5.9. ஒரு பெரிய சிலிண்டர் 7000 லீற்றர் எண்டு எடுத்தால் முதலாவதில 40 மணித்தியாலம், இரண்டாவதில 20க்குக் கொஞ்சம் குறைய. மூக்குக் குழாயில 1 லீற்றரில அதே சிலிண்டர் நாலே முக்கால் நாள் நிற்கும்.

மூச்சுக்குழாய் மூடாமல் விடாத அமுக்கம் குடுக்கிற குமிழி சிபாப் ஓடினால் வெளிவிடுற குழாய் தண்ணிக்குள்ள 5 சென்ரிமீற்றர். குமிழி விடாமல் வர வேணும். நின்றால் மூக்குக்குள்ள போடுற முனை (மூக்கு முள்) சின்னது, அல்லது வாய் திறந்திருக்கு. இரைப்பைக் குழாயைத் திறந்து மேல தூக்கி வைக்க வேணும், காற்று வயித்துக்குப் போகும்.

இரணைமடுக் காற்று

மூக்கு நடுத்தண்டு வெளுக்கிறதா என்று இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாருங்கள். இன்னொன்று: 2019இல் வெளிவந்த மலாவி ஆய்வில், வைத்தியர் நேரே நில்லாத மாவட்ட வைத்தியசாலையில் குமிழி சிபாப் போட்ட நோய் கூடிய பிள்ளைகளில் இறப்பு குறையவில்லை, கூடியது. மெசின் இருக்கிறது என்பதும் பார்க்க ஆள் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இரவில் 24 கட்டிலுக்கு ஒரு தாதி என்றால் அந்தப் பிள்ளையை முதலே அனுப்புங்கள்.

அனுப்ப வேண்டிய குறி: மூச்சு 70க்கு மேல், முனகல், மூச்சு நின்று வருதல், 2 லீற்றரிலும் 90 எட்டாதது, களைத்துப்போன முகம். மூச்சு 72இலிருந்து 38க்கு இறங்கி, பிள்ளை அமைதியாகக் கிடந்தால் கண் விழித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் சுகம் அல்ல.

கனகராயன்

காற்றோட்டத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மாரியில யன்னல் எல்லாம் பூட்டு, தாய்மார் குளிருது எண்டுவினம்.

தண்ணிமுறிப்பு

வாடையும் தூவானமும் வடகிழக்கால வரும், அந்தப் பக்கத்தைப் பூட்டுங்கோ. தென்மேற்குப் பக்க யன்னலைத் திறந்து, நிலத்தில நிற்கிற ஃபானை யன்னலைப் பார்க்க வெளியால ஊதிற மாதிரித் திருப்பி வையுங்கோ. பிள்ளையளின்ர முகத்துக்கு மேலால அடுத்த கட்டிலுக்கு ஊதிற ஃபான்தான் கூடாது.

தாய்க்கு மாஸ்க், பிள்ளைக்கு இல்லை, இரண்டு வயதுக்குக் கீழ போடவே கூடாது. தடிமன் பிடிச்ச அண்ணன் அக்காவைப் பார்க்க விடாதேங்கோ. பள்ளிக்கூடம் போற பிள்ளைதான் கைக்குழந்தைக்குக் கொண்டு வாறது.

பாலைப்பழம்

இரண்டாம் மூலைக்கு ஒன்று. இலங்கையில் இன்புளுவென்சா சித்திரை முதல் ஆனி மட்டிலும், கார்த்திகை முதல் தை மட்டிலும் இருமுறை ஏறும். வைத்தியசாலையில் சேர்க்கிற அளவுக்கு இருந்தால் 48 மணித்தியாலம் கழிந்தாலும் இன்புளுவென்சா மருந்தான ஒசல்ரமிவிர் கொடுப்பார்கள். ஒரு வயதுக்குக் கீழே கிலோவுக்கு 3 மில்லிகிராம், அதற்கு மேல் 15 கிலோ வரை மொத்தம் 30 மில்லிகிராம், 23 வரை 45, 40 வரை 60, எல்லாம் நாளுக்கு இரண்டு தரம் 5 நாள். பாணி கிடைக்காவிட்டால் 75 மில்லிகிராம் கப்சியூலைத் திறந்து 5 மில்லிலீற்றர் தண்ணியில் கரைத்தால் மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம். 30 வேண்டுமென்றால் 2 மில்லிலீற்றர். கசக்கும், கொஞ்சம் சீனிப்பாணி சேருங்கள். டெங்குக் காலமும் இதுதான் என்பதால் காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேறெதுவும் வேண்டாம். இபுபுரோபனும் இல்லை, அஸ்பிரின் அறவே இல்லை.

பெரியமடு (குடும்பநல உத்தியோகத்தர்)

துண்டு வெட்டுற பக்கத்தையும் கதையுங்கோ. விடுதியால வந்த பிள்ளை இரண்டாம் நாள் இரவு திரும்ப மூசிக்கொண்டு நிற்கும். நெடுங்கேணிப் பக்கம், ஒட்டுசுட்டான் உள் றோட்டுகளில இருட்டினால் யானை, பஸ்ஸும் இல்லை.

இரணைமடுக் காற்று

நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சம். இரண்டாம் நாளில் நல்லாக இருக்கிற பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புவதை விட ஒரு நாள் வைத்திருங்கள். கிளிநொச்சி நகரத்துப் பிள்ளைக்கும் துணுக்காய்க்கு உள்ளே இருந்து வருகிற பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் சரிவராது. ஒட்சிசன் இல்லாமல் 4 மணித்தியாலம், அதில் ஒரு நித்திரையும் சேர்த்து, அளவு நிலைக்க வேண்டும். வழமையான பாலில் முக்கால் பங்கு குடிக்க வேண்டும். இருமல் மூன்று கிழமை நிற்கும் என்று தாய்க்கு முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாள் தனியார் கிளினிக்கில் அன்ரிபயோற்றிக் வாங்குவா.

தண்ணிமுறிப்பு

சின்னக் குழந்தைகள் மூன்று நாலு கிழமைக்கும் வைரஸை விட்டுக்கொண்டிருக்கும். துண்டு வெட்டின பிள்ளையின்ர தாயிட்ட, ஊரில வேற கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு உடன கொண்டு போக வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ.

பெரியமடு

அப்ப நாங்கள் வீட்டில பார்க்க வேண்டியது எழுதுறன், பிழையெண்டால் திருத்துங்கோ. சட்டையைக் கழட்டி, பிள்ளை அழாத நேரம், முழு ஒரு நிமிடம் மூச்சு எண்ணுறது. 2 மாதத்துக்குக் கீழ 60, ஒரு வயது மட்டும் 50, 5 வயது மட்டும் 40, அந்த எண்ணைத் தொட்டால் வேகம். நெஞ்சு உள்ள போகுதா, அரைவாசியாவது குடிக்குதா, 12 மணித்தியாலமா மூத்திரத் துணி ஈரமாகேல்லையா எண்டு பார்க்கிறது. கற்பூரம் சேர்ந்த தைலம் மூக்கடியில பூச வேண்டாம், ஒரு வயதுக்குக் கீழ தேன் வேண்டாம், கொதி தண்ணி ஆவி வேண்டாம். விறகடுப்புக் குசினியில பிள்ளையை வளர்த்த வேண்டாம், நுளம்புச் சுருளுக்குப் பதிலா வலை.

இரணைமடுக் காற்று

சரி. ஒன்று மட்டும் சேருங்கள்: இரண்டு மாதத்துக்குக் கீழே 60 வந்தால் இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் தரமும் 60 என்றால் அல்லது உதடு நீலம், மூச்சு நின்று வருகிறது என்றால் எதையும் எண்ணிக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். சேர்க்கும்போது ஒட்சிசன் எத்தனை, எந்த நாள் தொடங்கியது என்பதைப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டால் இரவில் பார்க்கிற வைத்தியருக்கு முதலிலிருந்து கேட்கத் தேவையில்லை.

கனகராயன்

நன்றி எல்லாருக்கும். மூன்று மூலைக்கும் நிலத்தில நிற ரேப் ஒட்டி, மூலைக்கு ஒரு ஸ்ரெதஸ்கோப், ஒரு ஒக்சிமீற்றர், ஒரு தேர்மோமீற்றர் எண்டு அதே நிற ரேப் சுத்துறம். சேலைன் அம்பியூலுக்குக் கோரிக்கை போட்டாச்சு. தராசு மருந்தகத்தில இரவல்.